லெப்பாஸ்

அந்த லோரி உயிர் பெறக்கூடாது என்று மோகனா கும்பிடாத சாமி இல்லை. கூத்தைப் பாருங்கள், அதற்கு உயிர் கொடுக்கும் வேலையில் பாதியைச் செய்தவளும் அவள்தான். டீசலிலேயே ஊறி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வராவிட்டால் அவள் புருஷன் திருச்செல்வத்தின் கையிலிருக்கும் ஸ்பானர் பறந்து வரும். பெரிய வீரன்! எதிர்த்து நிற்கிற எவன் பல்லையும் உடைப்பான். எவனும் கிடைக்காத நாளில் உடைக்கப் பெண்டாட்டி இருந்தாள்.

லோரி பழைய பெட்போர்ட். ஒரு காலத்தில் மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கிய வண்டி. அப்புறம் தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு மறந்துபோனார்கள். வருஷக் கணக்கில் கிடந்ததில் டயரெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, என்ஜின் மேல் எலி குடும்பம் நடத்தி, கதவுச் சந்து வழியாகக் கொடி ஏறி, ஸ்டியரிங்கையே சுற்றிக்கொண்டிருந்தது. கொட்டகையை இடிக்க நினைத்த துரை, "எவனுக்கு வேணுமோ எடுத்துட்டுப் போங்க, எனக்கு எடம் காலியானாப் போதும்" என்று சொல்லிவிட்டார். திருச்செல்வம் அன்றைக்கே பாராங் கத்தியோடு போய் நின்றான்.

அவனுக்கு வேறு வழியும் இல்லை. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் தாடையைப் பெயர்த்துவிட்டு வேலையைத் தொலைத்திருந்தான். மலையில் வேறு யாரும் அவனைச் சேர்க்கவில்லை. லோஜிங் பக்கம் காட்டுக்குள் மரம் இழுக்கும் சீன முதலாளி தவுக்கே ஒருவன் மட்டும், லோரியோடு வந்தால் வேலை உண்டு, குடிசை உண்டு, பெண்டாட்டியையும் கூட்டி வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தான். பேப்பர் கீப்பர் எதுவும் இல்லாமல் காட்டுக்குள்ளேயே ஓடும் இந்த மாதிரி வண்டிக்கு 'லோரி ஹந்து' என்று பெயர். பேய் லோரி. திருச்செல்வத்துக்கு அது மிகவும் பொருத்தமான வண்டி.

மோகனாவுக்குப் பேயிடம் பயமில்லை. அவள் பயமெல்லாம் ஒரு பலகைச் சுவரைப் பற்றியது. லைன் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் மறைப்பு. அந்தப் பக்கம் தங்கம்மா இருந்தாள். கொழுந்து வெட்டுகிறவள், கட்டைக் குரல், யாருக்கும் அடங்காதவள். இந்தப் பக்கம் அடி விழும் சத்தம் கேட்டால் அம்மிக் குழவியை எடுத்துப் பலகையில் ஓங்கி இடிப்பாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இடி கேட்டதும் திருச்செல்வம் கையை இறக்கிவிடுவான். அடிப்பதற்கு வெட்கப்படாதவன், அது அடுத்த வீட்டுக் காதில் விழுவதற்கு வெட்கப்பட்டான். இப்படியும் ஒரு மானம்!

போன தீபாவளிக்கு அவன் மோகனாவைக் கீழே தள்ளிக் கழுத்தில் கால் வைத்து அழுத்தினான். கண் இருட்டி, நாக்கு வெளியே வந்துவிட்டது. அப்போது பலகை இடிபட்டது, கால் எடுபட்டது. காட்டுக் குடிசைக்கு அடுத்த வீடு கிடையாது, அங்கே தங்கம்மாவும் இருக்கமாட்டாள். அங்கே போனால் ஒரு மாசம் தாங்கமாட்டோம் என்று மோகனாவுக்கு நன்றாகத் தெரியும். லோரி ஓடினால் அவள் கதை முடிந்தது.

ஓடிப்போயிருக்கலாமே என்பீர்கள். போனாள். தானா ராத்தா டவுனில் ஈப்போ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவளைக் கொண்டையைப் பிடித்துப் படியோடு இழுத்து இறக்கினான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். "இன்னொரு வாட்டி ஓடுனா, ஈப்போவுல ஒம் மகளையும் அவ புள்ளையையும் சேத்து வெட்டிப்புடுவேன்" என்று காதுக்குள் சொன்னான். மகள் பூவிழி அவனுக்கும் மகள்தான், அதை நினைத்துப் பார்க்கிற ஆளா அவன்? அதற்குப் பிறகு மோகனா பஸ் பக்கமே போகவில்லை.

வேலை ஆரம்பித்தது. என்ஜின் இறுகிப் பிடித்துக் கிடந்தது. டீசலைப் பீய்ச்சுகிற நாஸில்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக டீசல் ஊற்றி ஊறவிட்டு, முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகி இரண்டு பேரும் தொங்கினார்கள். அசைவேனா என்றது.

"தெக்கான் லா! தின்ன சோறெல்லாம் எங்கடி போவுது?" என்று கத்தினான். அமுக்கு என்று சொல்லமாட்டான். சின்ன வயசில் ஈப்போ வர்க்‌ஷாப்பில் ஒரு மலாய்க்கார மெக்கானிக்கிடம் வேலை பழகியவன், அதனால் வேலை என்று வந்துவிட்டால் வாயில் மலாய்தான் வரும்.

மோகனா உடம்பு மொத்தத்தையும் கம்பியில் போட்டாள். என்ஜின் திடீரென்று இளகியது. கம்பி சுழன்று வந்து அவள் தாடையில் அடித்தது. வாய் நிறைய ரத்தம், துப்பியபோது ஒரு பல்லும் சேர்ந்து விழுந்தது.

"சுத்துதுடி! ஏய், சுத்துது பாரு!" என்று திருச்செல்வம் குதித்தான். பெண்டாட்டி பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மறுபடி கம்பியைப் பிடித்தாள்.

அன்றைக்குத்தான் அவளுக்குள் ஒரு வெறி மூண்டது. நாஸில்களை மண்ணெண்ணெய் டின்னில் கழுவும் வேலை அவளுடையது. அதில் ஒன்றை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். கொழுந்து மலைக்குப் போகிற வழியில் பெரிய வாய்க்காலில் வீசிவிட்டாள். அது இல்லாமல் என்ஜின் எப்படிக் கிளம்பும் பார்ப்போம் என்று இருந்தாள்.

மாட்ட உட்கார்ந்தவன் ஒன்று குறைவதைப் பார்த்தான். எங்கே என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், அது போதுமாக இருந்தது. இடது கையைப் பிடித்து என்ஜின் விளிம்பில் வைத்து, இரும்பு மூடியை ஓங்கி இறக்கினான்.

மோகனா போட்ட சத்தத்தில் கொட்டகைத் தகரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தன. யாரும் வரவில்லை. தொழிற்சாலை இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடைசி இரண்டு விரல்களும் ஒடிந்து தொங்கின. காடு எப்படி இருக்கும் என்று அவள் அந்தக் கொட்டகையிலேயே பார்த்துவிட்டாள். அவன் ஈப்போவுக்குப் போய், பழைய சாமான் கடையில் வேறு நாஸில் வாங்கி வந்து மாட்டினான்.

லோரி கிளம்பியது. டாங்கியில் சரளைக் கல் போட்டுக் குலுக்கித் துருவைக் கழுவி, புது பேட்டரி வைத்து, சாவியைத் திருப்பித் திருப்பிக் கடைசியில் ஒரு பெரிய இருமல். வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்புப் புகை, அப்புறம் தகரமெல்லாம் நடுங்க ஒரே இரைச்சல். லைனே திரண்டு வந்து பார்த்தது. தோட்டத்து டிராக்டர் ஓட்டும் செல்லையா வாயில் விரலை வைத்து விசில் அடித்தார். திருச்செல்வம் முனியாண்டிக்கு ஒரு சேவலை அறுத்து முன் டயரில் ரத்தம் தெளித்தான்.

அன்றைக்கு அவன் யாரையும் அடிக்கவில்லை. தானே துணி கிழித்து அவள் விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டான். "மோகி" என்றுகூடக் கூப்பிட்டான். ஒடித்த கையே கட்டுப் போட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற ஜாதி. "பிரேக் ஒண்ணுதாண்டி பாக்கி. பிரேக் முடிஞ்சா காடு" என்று சிரித்தான்.

கொட்டகைக்குள் இருட்டு. அதனால் லோரியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு பிரேக் வேலையைப் பார்க்க முடிவு செய்தான். முற்றம் தேயிலைச் செடிப் பக்கம் சரிந்து இறங்கும். செல்லையாவின் டிராக்டரில் கயிறு கட்டினார்கள். மோகனாவை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, கிளட்ச்சை மிதித்துக்கொள்ளச் சொன்னான். கயிறு விறைத்ததும் வெளியே நின்று, "லெப்பாஸ்!" என்று கத்தினான்.

லெப்பாஸ் என்றால் மலாயில் விடு. எதை விடுவது? அவள் காலை எடுத்தாள். அவன் சொன்னது கையால் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்கை. லோரி அசையவில்லை, கயிறு அறுந்து சாட்டையாகத் திரும்பி அவன் முழங்காலில் அடித்தது.

கதவைத் திறந்து ஏறி வந்தான். செல்லையா பார்த்துக்கொண்டிருக்கவே அவள் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான்.

"போடோ! மடச்சி! லெப்பாஸ்னா என்னாடி அர்த்தம்? விடுறது! கால மட்டும் இல்ல, கை, கால், எல்லாத்தையும் விடணும்! நான் லெப்பாஸ்னு சொன்னா நீ ஒண்ணையும் புடிச்சிருக்கக் கூடாது. மண்டையில ஏறுச்சா?"

"ஏறுச்சுங்க."

"திருப்பிச் சொல்லு!"

"லெப்பாஸ்னா எல்லாத்தையும் விடணும்."

செல்லையா தலையைக் குனிந்துகொண்டு அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயைத் திறக்கிற மனுஷன் இல்லை. லோரி முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. திருச்செல்வம் முதலில் ஹேண்ட்பிரேக்கை முறுக்கிச் சரி செய்தான். சக்கரத்து ரப்பரெல்லாம் புதுசு மாற்றி, பிரேக் எண்ணெயும் ஊற்றியாகிவிட்டது. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான் மிச்சம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருத்தர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கவேண்டும். கீழே ஒருத்தர் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன ஆணியை ஸ்பானரால் திறந்து காற்றை விட்டு, மறுபடி மூடவேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம்.

"தெக்கான்!" என்பான், மிதிப்பாள். "தாஹான்!" என்பான், பிடித்துக்கொள்வாள். "லெப்பாஸ்!" என்பான், விடுவாள். பின் சக்கரங்கள் முடிந்தன. முன்னால் வலது சக்கரத்துக்கு வந்தபோது அவள் தொடை நடுங்கி, ஆணியை மூடுமுன் கால் எழும்பிவிட்டது. காற்று மறுபடி உள்ளே போய்விட்டது.

"சிலாக்கா!" என்று வைதுகொண்டே கீழேயிருந்து எழுந்தான். சரிவில் லோரி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பலா மரக் கட்டை அண்டக் கொடுத்திருந்தான். அதையே உருவி அவள் மேல் எறிந்தான். திறந்திருந்த கதவு வழியாக வந்து புருவத்தைப் பிளந்து, அந்தப் பக்கம் தெறித்துத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறுபடி செய்யச் சொன்னான். செய்தாள். அந்தச் சக்கரமும் முடிந்தது.

கட்டையை எடுத்து வர அவன் போகவில்லை. தான் முறுக்கிய ஹேண்ட்பிரேக் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கடைசிச் சக்கரம், முன்னால் இடது பக்கம். வண்டிக்கு முன்னாலிருந்து நுழைந்து மல்லாந்து படுத்தான். தலையும் கையும் சக்கரத்துக்கு உள்பக்கம், வலது கால் மடங்கி, இடது கால் டயருக்கு முன்னால் நீண்டிருந்தது. மேலேயிருந்து மோகனாவுக்கு அவன் செருப்பு மட்டும் தெரிந்தது. வேலை முடியப்போகிற சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சு வந்தது.

"நாளைக்கே மூட்டையக் கட்டிரு, மோகி. தவுக்கேகிட்ட சொல்லியாச்சு. அங்க ஒரு வசதி தெரியுமா?" என்று கீழேயிருந்து சிரித்தான். "எந்தச் சிறுக்கியும் பலகையில இடிக்க மாட்டா."

அவனுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தம்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று மோகனா நினைத்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துதான் காட்டைத் தேடிப் பிடித்திருக்கிறான். அந்த நிமிஷத்தில் அவள் பயம் தீர்ந்துபோனது. கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அவள் ஆயுசிலேயே வந்ததில்லை.

"தெக்கான்!"

மிதித்தாள்.

"தாஹான்!"

பிடித்தாள். ஆணி திறந்து மூடுகிற கிரீச் சத்தம் கேட்டது.

"லெப்பாஸ்!"

காலை எடுத்தாள். கட்டுப் போட்ட இடது கையால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, மிச்சமிருந்த விரல்களால் அமுக்கி, அடிவரைக்கும் இறக்கினாள். தெரியாமல் செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாத்தையும் விடணும் என்று அறைந்து சொல்லிக் கொடுத்தவன் அவன். அவள் எல்லாத்தையும் விட்டாள்.

லோரி கொஞ்சம் யோசித்தது. அப்புறம் மெதுவாக முன்னால் நகர்ந்தது. இடது காலில் ஏறியபோது எலும்பு நொறுங்குவது ஸ்டியரிங்கில் அவள் கைக்கே தெரிந்தது. திருச்செல்வம் போட்ட அலறல் மனுஷக் குரல் மாதிரியே இல்லை. மோகனா பிரேக்கை மிதித்தாள்.

அவன் வேலை சுத்தம், அதைக் குறை சொல்லமுடியாது. தொட்ட மாத்திரத்தில் பிரேக் கவ்விக்கொண்டது. டயர் அவன் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. வலியில் துடித்துப் புரண்டதில் அவன் இடுப்பு சக்கரத்துக்கு நேராக வந்திருந்தது. அவள் கால் எழும்பினால் அடுத்தது இடுப்புதான், அப்புறம் நெஞ்சு.

"தாஹான்! தாஹான்!" என்று கதறினான். "விடாதடி! ஐயோ, விட்டுராத மோகி! ஒன்னக் கும்புடுறேன்!"

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டால் தீர்ந்தது. அவள் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இழுக்கவில்லை. பாதத்தை மட்டும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டாள்.

"போவல! போவல தாயே! எங்கயும் போவல!"

"காதுல விழல."

"போவலடி! சத்தியமா போவல! ஒன்னத் தொட மாட்டேன், எம் மக மேல சத்தியம்! புடிச்சுக்க, விட்டுராத!"

"எந்த மக? வெட்டுவேன்னீங்களே, அந்த மகளா?"

அவன் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். டயருக்கு அடியிலிருந்து ரத்தம் சரிவில் இறங்கி ஓடியது. மோகனாவின் தொடை வெடவெடத்தது. பாதம் ஒரு முறை கொஞ்சம் நழுவியபோது லோரி அரை விரற்கடை நகர்ந்தது. அவன் கத்திய கத்தலில் தொழிற்சாலையிலிருந்தே ஆட்கள் ஓடி வந்தார்கள்.

செல்லையாதான் முதலில் வந்தார். பார்த்த உடனே கல்லைத் தூக்கி டயருக்கு முன்னால் போட்டு, உள்ளே எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். காலை எடுத்தபோது அது கால் மாதிரி இல்லை, துணி மூட்டை மாதிரி இருந்தது. இரண்டு பேர் அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தார்கள்.

"இப்ப விடும்மா, எல்லாஞ் சரியாச்சு" என்று செல்லையா சொன்னார். மோகனாவால் விட முடியவில்லை. கால் விறைத்துப் பெடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கம்மா கொழுந்துக் கூடையோடு ஓடி வந்து, கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கி எடுத்தாள்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கிற கால். இனி அவன் லோரி ஓட்டமுடியாது, காட்டுக்கும் போகமுடியாது, எவள் கழுத்திலும் கால் வைக்கமுடியாது.

போலீஸ் சார்ஜன் கட்டிலுக்கே வந்து விசாரித்தார். மோகனா கதவோரம் நின்றாள். என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வது என்ற முடிவோடுதான் நின்றாள். முற்றத்தில் அறை விழுந்ததையும் அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் சொல்லிவிடவேண்டும் என்று செல்லையாகூட ஆயுசில் முதல் தடவையாக வாயைத் திறக்கத் தயாராக வந்திருந்தார். தேவைப்படவில்லை. திருச்செல்வமே சொன்னான்.

"கட்ட வெக்காதது என் தப்புங்க. அவ பொம்பள, அவளுக்கு என்னா தெரியும்?"

அவள் பக்கம் அவன் திரும்பவில்லை. நடந்தது என்னவென்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் பெண்டாட்டி கையால் கால் போனது என்று ஊர் பேசுவதைவிட, இன்னொரு காலையும் வெட்டிக் கொடுத்திருப்பான். அவன் மானம் அப்படி. சார்ஜன் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

வெளியே வராந்தாவில் மோகனா உட்கார்ந்தாள். பூவிழி அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வண்டி பிடிக்கப் போயிருந்தாள். தங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கோபமாக இருந்தாள்.

"ஏண்டி, விட்டதுதான் விட்ட. எதுக்குடி மறுபடியும் பிரேக்கப் புடிச்ச? இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா மொத்தமா தொலைஞ்சிருப்பான்ல? அவன் மேல என்னாடி பாவம் ஒனக்கு?"

மோகனா தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைபட்டு உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"பாவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கல்யாணங் கட்டி இத்தன வருசத்துல அந்த ஆளு என்னைக் கெஞ்சுனதே இல்ல. அன்னைக்குத்தான் கெஞ்சுனாரு. கேக்க நல்லா இருந்துச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் கேக்கலாம்னு புடிச்சிக்கிட்டேன்."